அமானிதத்தில் ஒரு குறை

2018 ஒக்டோபர் மாதக் கடைசி வாரம். கட்டாரில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன் விடுமுறையில் நானுஓயாவுக்கு வந்திருந்தான். பின்னேரமானால் மழை, மழை விட்டால் மூடுபனி. நுவரெலியாப் பக்கம் ஒரு நடை போய்வருவான், பழைய கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டிருப்பான் என்று பார்த்தால், எங்கள் பழைய கடையின் மேல்மாடியில் ஒரு சிறிய கணினியை வைத்துக்கொண்டு மூன்று நாட்களாக அதனோடேயே கிடந்தான். கரண்ட் போய்வரும்போதெல்லாம் அவன் முகம் வாடியது.

"இது என்ன மகன், கலியாண ஊட்டு ஆயத்தம் மாதிரி?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிக்கோணும் மாமா. முடிக்காட்டி நான் பழைய கணக்குலயே தனியா நின்டுருவன்" என்றான்.

அவன் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தது ஸீகேஷ் என்ற மின்னியல் நாணயத்தின் வலையமைப்பு மேம்பாட்டுக்கு. 2016 ஒக்டோபர் 28இல் தொடங்கப்பட்ட நாணயம் அது. பிட்கொயினைப் போலவே அதற்கும் மத்திய வங்கி இல்லை, அச்சகம் இல்லை. உலகமெங்கும் உள்ள கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதியை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலையும் தாமே ஒத்துப்பார்த்து ஏற்றுக்கொள்கின்றன. பிட்கொயினின் பேரேட்டை எவரும் புரட்டலாம். அதில் பெயர் இருக்காது. ஆனால் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு போனது என்பது அழியாமல் கிடக்கும். ஸீகேஷ் வேறுபடுவது இந்த இடத்தில்தான். அனுப்பியவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றையும் மூடிவைத்துவிட்டு, இந்தக் கொடுக்கல்வாங்கலில் மோசடியில்லை என்பதற்கான கணித நிரூபணத்தை மட்டும் பேரேட்டில் பதிய அது இடந்தருகிறது.

பேரேட்டின் விதிகளை மாற்றுவதானால் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். 419,200ஆவது கட்டம் வந்ததும் புதிய விதி நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னர் மென்பொருளைப் புதுப்பிக்காதவர் பழைய விதியின்படி தனிப் பேரேடு எழுதிக்கொண்டிருப்பார். இது எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான், ஒக்டோபர் 26ஆம் திகதி, நாட்டில் ஒரு பிரதமர் இருக்கும்போதே இன்னொரு பிரதமர் பதவியேற்றிருந்தார். இரண்டு பேரும் தாமே பிரதமர் என்றார்கள். ஒரே நாடு, இரண்டு பேரேடுகள்.

மேம்பாடுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் எனக்குப் பிடித்திருந்தன. 2018 ஜூனில் வந்ததற்குப் பெயர் ஓவர்விண்டர், குளிர்காலத்தைக் கடத்துதல். ஒக்டோபரில் வந்ததற்குப் பெயர் சேப்ளிங், இளங்கன்று. பின்னர் வந்தவற்றுக்கும் பூ, வைரம்பாய்ந்த மரம், மரக்கிளைப் பந்தல் என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். கவ்வாத்து வெட்டும் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்நாணயங்களை வைத்திருக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2018இன் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தி பிட்கொயின் வியாபாரம் கூடாது என்று ஃபத்வா கொடுத்தார். எங்கள் மத்திய வங்கியும் பல தடவை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அந்த விவாதம் இக்கட்டுரையின் பொருளல்ல. எனக்கு வந்த கேள்வி வேறு. அது நாணயத்தைப் பற்றியதுமல்ல, மறைத்தலைப் பற்றியது.

*

அன்று மேல்மாடியில் வைத்து மருமகனிடம் நான் கேட்டது எல்லோரும் கேட்கும் கேள்விதான்: "நேர்மையான மனிசனுக்கு ஒளிச்சுவைக்க என்ன இருக்கு?"

கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்கான பதிலை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறுவயதிலேயே பார்த்தவன் நான்.

எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடை அது. எங்கள் வழக்கில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்கள் சம்பள நாளில் சாமான் வாங்க வருவார்கள். அவர்களில் சிலர் சாமான் வாங்கி முடிந்தபின்பும் நிற்பார்கள். மற்றவர்கள் போனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ எடுத்துக் கொடுப்பார்கள். "மொதலாளி, இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். வீட்டுல தெரியக்கூடாது" என்பார்கள். வீட்டில் தெரிந்தால் அது சாராயக் கடைக்குப் போய்விடும். மகளுக்குத் தோடு வாங்க, தாயின் கருமாதிக்கு, பிள்ளையைப் படிப்பிக்க என்று சேர்க்கும் காசு. இன்னுமொரு காரணமும் இருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாகி, மிச்சம் 150,000 பேரின் கதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. யார் எந்தப் பக்கம் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பது லயத்துக்குள் வெளியே சொல்ல முடியாத சங்கதி. போகிறவள் வழிக்குக் காசு சேர்த்தாள். அது தெரிந்தால் அவள் போகப்போகிறாள் என்பதும் தெரிந்துவிடும்.

லயத்துக் காம்பராவில் மறைக்க இடமில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் கணக்கு அவளுடையதல்ல. பெயர் செக்ரோலில், கடன் கங்காணியின் கணக்கில். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், ஒருவரின் கடன் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு, அதைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டத்துக்கு விடுதலை. எல்லாம் திறந்திருந்த அந்தப் பேரேட்டில் திறந்து கிடந்தது ஏழையின் பக்கம் மட்டும்தான். துரையின் கணக்கை எவரும் புரட்டிப் பார்த்ததில்லை. மறைத்தல் என்பது பணக்காரரின் தேவை என்று நாம் நினைக்கிறோம். பணக்காரருக்குச் சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். முந்தானை முடிச்சைத் தவிர வேறு மறைவிடமில்லாதவருக்குத்தான் அது உயிர்த்தேவை.

அப்பா அந்தக் காசை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். கணக்கைக் கடைக் கொப்பியின் பின்பக்கங்களில் அரபுத் தமிழில் எழுதினார். பெயர் எழுதவில்லை, அடையாளம் மட்டும் எழுதினார்: மூக்குத்திக்காரி, மேல்கணக்கு மூத்தவள், இரட்டைப்பிள்ளைத் தாய். கணக்கப்பிள்ளை வந்து கொப்பியைப் புரட்டினாலும் ஓதற் கிதாபு என்று நினைத்து மூடிவிடுவார். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண் வரும்போது அவளுடைய காசை மட்டும் எடுத்து அவள் முன்னால் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் திரும்ப வைப்பார். அவளவள் கணக்கு அவளவளுக்குத் திறந்திருந்தது. மற்றவளுடையது எவ்வளவு என்று எவளுக்கும் தெரியாது.

குர்ஆன் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அனுமதியின்றி அடுத்தவர் வீட்டினுள் நுழைவதைத் தடுக்கிறது. அதே குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மனிதரை மூடு, கணக்கைத் திற. இரண்டு கட்டளைகளும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. அப்பாவின் கொப்பி இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. கணிதம் படித்தவர்கள் 2016இல் செய்ய முயன்றதும் ஏறக்குறைய அதுதான்.

மருமகன் சொன்ன ஒரு விபரம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய முறையில் மூடிய கொடுக்கல்வாங்கல் ஒன்றைத் தயாரிக்கக் கணினிக்கு 3 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட நினைவகம் தேவைப்பட்டது. அதனால் பெரும்பாலானோர் திறந்தே அனுப்பினார்கள். புதிய முறையில் 40 மெகாபைட் அளவே போதும், சில விநாடிகளில் முடிந்துவிடும், கைத்தொலைபேசியிலும் செய்யலாம். "வசதியுள்ளவன் மட்டும் மூடினா, மூடுறவனெல்லாம் சந்தேகத்துக்குரியவனாப் போவான் மாமா. எல்லாரும் மூடினாத்தான் அது மரியாத" என்றான். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேம்பாடு நல்லபடி நடந்தது. அவன் சந்தோஷமாகக் கட்டாருக்குத் திரும்பினான். அங்கே தன்னோடு அறையில் இருந்த இரண்டு பேரிடம், இதில் கள்ள நாணயம் அடிக்க எவனாலும் முடியாது, கணிதமே காவல், என்று உறுதிசொல்லி அவர்களையும் சிறிது சிறிதாகப் போடவைத்தான்.

*

2019 பெப்ரவரி 5ஆம் திகதி அந்த நாணயத்தை உருவாக்கிய நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று நாள் கழித்து மருமகன் என்னை அழைத்தான். குரலில் பழைய துடிப்பு இல்லை.

நடந்தது இதுதான். நிரூபண முறையின் அடிப்படை 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை. அதில் ஒரு பிழை இருந்தது. நாணயத்தைத் தொடங்குவதற்காகத் தயாரித்த எண் தொகுதியில் தேவையற்ற சில உறுப்புகளும் கூடவே வெளிவந்துவிட்டன. அவை கையில் கிடைத்தவர் பொய்யான நிரூபணத்தை மெய்யானதாகக் காட்டலாம். நாணயத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கலாம். எல்லாம் மூடியிருப்பதால் எவருக்கும் தெரியவராது. நிபுணர்கள் பலர் பார்த்தும் நான்கு வருடங்களாக இது கண்ணில் படவில்லை. 2018 மார்ச் 1ஆம் திகதி அந்நிறுவனத்தின் கணிதவியலாளர் ஏரியல் கபிஸன் அதைக் கண்டுபிடித்தார். சக ஊழியரான ஷோன் போவிடம் சொன்னார். இருவரும் நிறுவனத்தின் தலைவர் ஸூகோ வில்கொக்ஸுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கும் தெரிவித்தார்கள். அந்த நால்வரோடு விடயம் நின்றது.

ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சேப்ளிங் மேம்பாட்டில் நிரூபண முறையே மாறவிருந்தது. புதிய முறையில் இந்தப் பிழை இல்லை. ஆகவே ஒன்றும் சொல்லாமல் ஒக்டோபர் வரை காத்திருப்பதென்று முடிவெடுத்தார்கள். சொன்னால் அந்த நிமிடமே எவனாவது கள்ள நாணயம் அடித்துவிடுவான். ஆனால் ஓர் இடைஞ்சல் இருந்தது. 2016இல் அந்த எண் தொகுதியை உருவாக்க ஆறு பேர் வெவ்வேறு இடங்களிலிருந்து பங்குகொண்ட சடங்கு ஒன்று நடந்தது. அவர்களில் புனைபெயரில் இருந்த ஒருவர் எட்வர்ட் ஸ்னோடன் என்பது 2022இல் தெரியவந்தது. அந்தச் சடங்கின் முழுப் பதிவும் எவரும் சரிபார்க்கலாம் என்று பகிரங்கமாக வைக்கப்பட்டிருந்தது. ஆபத்தான அந்த உறுப்புகள் இருந்தது அந்தப் பதிவில்தான். அதை அகற்றினார்கள். எங்கே என்று கேட்டவர்களுக்கு, தவறுதலாக அழிந்துபோய்விட்டது என்று சொன்னார்கள். மேம்பாடு முடிந்த பின்னர், பங்குகொண்டவர்களிடமிருந்து சேகரித்த டிவிடிக்களைக் கொண்டு பதிவைத் திரும்பவும் உருவாக்கி வெளியிட்டார்கள். இதே பிழையைச் சுமந்திருந்த வேறு இரண்டு நாணயங்களின் பொறுப்பாளர்களுக்கு 2018 நவம்பரில் ரகசியமாக அறிவித்தார்கள். அவர்களும் திருத்திக்கொண்ட பிறகு 2019 பெப்ரவரியில், தாங்கள் சொன்ன பொய் உட்பட, எல்லாவற்றையும் தாங்களாகவே எழுதி வெளியிட்டார்கள்.

அதாவது அந்த ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமைக்காக உலகமெங்கும் பலர் ஒரு பெருநாளுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, நான்கு பேர் மட்டும் தீ அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நான் அவங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல இல்ல. ஆனா நான் சொன்ன நேரம் அது முழுசா உண்மையாவும் இருக்க இல்ல. பழைய கணக்குல கள்ளக்காசு ஏறீந்தா ஆருக்குத் தெரியும்? இதுல குத்தம் ஆருக்கு?"

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பணம் போகவில்லையே என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டது பணத்தை அல்ல என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

*

சட்டென்று நினைவுக்கு வரும் ஹதீஸ், சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவம். விரலில் ஈரம் பட்டது. மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்கவில்லை. இதில் நான் கவனிப்பது, மழை வியாபாரியின் குற்றமல்ல என்பதை. ஈரம் அவர் செய்ததல்ல. அதைக் கீழே தள்ளியதுதான் அவர் செய்தது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று நமது ஃபிக்ஹு நூல்கள் ஓர் அத்தியாயமே வைத்திருக்கின்றன. மார்ச்சுக்கும் ஒக்டோபருக்கும் இடையில் அந்த நாணயத்தை வாங்கிய ஒவ்வொருவரும் ஈரம் தெரியாமல் வாங்கியவர்தான். புதிதாக உருவாகும் நாணயங்களில் ஐந்தில் ஒரு பங்கு தொடக்கியவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். நாணயத்தின் பெயர் கெடாமலிருப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது. மறைப்பவர் ஆதாயமும் பெறுபவராக இருந்தால் அவர் சொல்லும் காரணத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் தானியத்தின் உவமை இங்கே முழுதும் பொருந்தவில்லை. ஈரத்தை மேலே வைத்தால் வாங்குபவர் தப்பித்துக்கொள்வார். இந்தப் பிழையை மேலே வைத்தால் வாங்கியவர்கள் எல்லோருமே மூழ்கிப்போவார்கள். பூட்டு உடைந்திருக்கிறது என்று சந்தியில் நின்று கூவுவது வீட்டுக்காரருக்குச் செய்யும் உபகாரமல்ல.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நாவின் தீமைகளைப் பேசும் பகுதியில், பேச்சு ஒரு நோக்கத்தை அடைவதற்கான வழி என்கிறார். உண்மையாலும் பொய்யாலும் அடையக்கூடிய நல்ல நோக்கத்துக்குப் பொய் ஹராம். பொய்யால் மட்டுமே அடையக்கூடியதானால் நோக்கத்தைப் பொறுத்துப் பொய்யின் நிலை மாறும். அநியாயக்காரனிடமிருந்து ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்காமலிருப்பது கடமையே ஆகும். அதேசமயம், மனிதர் தம் சொந்த ஆசையைத் தேவை என்று பெயர்மாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரர் என்பதையும், ஆகவே பொய்யின் வாசலை இயன்றவரை மூடியே வைக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார்.

ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் படகின் கதையும் நினைவில் இருக்கிறது. கடலில் உழைக்கும் ஏழைகளின் படகு அது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் வரவிருக்கிறான். ஹிள்ர் (அலை) அவர்கள் படகைப் பழுதாக்குகிறார்கள். ஏறியவர்களை மூழ்கடிக்கவா என்று மூஸா (அலை) அவர்கள் ஆட்சேபிக்கிறார்கள். காரணம் அப்போது சொல்லப்படவில்லை. ஆனால் பிரியுமுன் சொல்லப்பட்டது. இதை ஓதும்போதெல்லாம் என் மனது இந்த இடத்தில்தான் நிற்கும். இறையறிவு கொடுக்கப்பட்டவரே காரணம் சொல்லாமல் பிரியவில்லை. நமக்கு அந்த அறிவும் இல்லை. அப்படியிருக்க, நாம் மறைத்ததை மறைத்தபடியே விட்டுப் பிரிய நமக்கு என்ன அதிகாரம்?

இங்கேதான் எனக்கு அப்பாவின் தகரம் மறுபடி நினைவுக்கு வந்தது.

*

1970 ஒக்டோபர் இறுதி. நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது, குறிப்பிட்ட சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். வரிகட்டாமல் பதுக்கிய பணத்தை வெளியே கொண்டுவருவதுதான் நோக்கம். நோக்கத்தில் குறைசொல்ல முடியாது. பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாறும் பணம் எல்லோரும் பார்க்கும் ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். அந்த வாயிலில் அது எண்ணப்படும்.

சேப்ளிங்கிலும் இதேதான் நடந்தது. பழைய மறைவிலிருந்து புதிய மறைவுக்கு நாணயத்தை மாற்றுபவர் ஒரு தடவை வெளிச்சத்தைக் கடக்க வேண்டும், தொகை தெரிந்துவிடும். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வந்தால் கள்ள நாணயம் அடிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி எந்தத் தடயத்தையும் தாங்கள் காணவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் பழைய பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வராத நாணயங்கள் இருக்கும்வரை அந்தக் கணக்கு முற்றாக முடியாது.

அப்பாவின் தகரத்தில் 50 ரூபாய்த் தாள்கள் 31 இருந்தன. சில்லறைத் தாள்களைப் பூச்சி அரிக்கிறது என்று அவர்தான் பெரிய தாளாக மாற்றி வைத்திருந்தார். பதினொரு பெண்களின் காசு. ஒன்றில் அந்தப் பெண்களின் பெயர்களைச் சொல்லி அவர்களையே வங்கிக்கு அனுப்ப வேண்டும். அல்லது எல்லாம் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். முதலாவதைச் செய்தால் அந்தப் பின்னேரமே லயமெல்லாம் தெரிந்துவிடும். அப்பா இரண்டாவதைச் செய்தார். எனக்குப் பத்து வயது. நுவரெலியாவுக்கு அவரோடு பஸ்ஸில் போனேன். வரிசையில் நின்றபோது அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. கேட்டபோது, "என்ட கடைக் காசு" என்றார்.

அதன்பின் வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா தன் கையிலிருந்து வரி கட்டினார். பெண்களின் கணக்கில் ஒரு சதம் குறைக்கவில்லை. அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று நோன்பு நோற்றார் என்று உம்மும்மா சொல்லித் தெரியும். ஆனால் பல வருடங்கள் கழித்து உம்மும்மா சொன்ன இன்னொரு விடயம்தான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. வங்கிக்குப் போவதற்கு முன்னைய இரண்டு நாட்களில் அந்தப் பதினொரு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லியனுப்பி வரவழைத்து, "ஒங்கட காச என்ட காசெண்டு சொல்லப் போறன். சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று ஒருத்தி சொல்லித் தன் காசைத் தானே வாங்கிப் போயிருக்கிறாள்.

ஸீகேஷின் நால்வரும் அப்பாவும் செய்தவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இரண்டிலும் அமானிதம் இருந்தது, ஆபத்து இருந்தது, பொய் இருந்தது. வேறுபாடு இரண்டு. அப்பா மறைத்தது பெண்களின் அந்தரங்கத்தை. அவர்கள் மறைத்தது பொருளின் குறையை. மனிதரின் மானத்தை மூடுவது நமது மார்க்கத்தில் நன்மை. பொருளின் குறையை மூடுவதற்கு அந்த நன்மையின் பெயரை இரவல் வாங்க முடியாது. அப்பா ஊருக்கும் அரசாங்கத்துக்கும் மறைத்தார், உடைமைக்காரருக்கு மறைக்கவில்லை. அவர்களோ உடைமைக்காரருக்கே மறைத்தார்கள்.

அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரைத் தனித்தனியாக அழைத்துச் சம்மதமா என்று கேட்க முடியாது. ஆகவே அவர்கள் மௌனமாயிருந்ததை நான் ஏற்கிறேன். அழிந்துபோய்விட்டது என்ற பொய்யை என்னால் மன்னிக்க முடிகிறது, சரியென்று சொல்ல முடியவில்லை. பாதுகாப்புக் காரணத்தால் அகற்றியிருக்கிறோம், பின்னர் விளக்குவோம் என்று சொல்லியிருந்தால் அதுவே திருடனுக்கு வழிகாட்டியிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர்களுடைய மறைப்பை ஏமாற்றாகிவிடாமல் காத்தது அவர்கள் சொன்ன காரணமல்ல, அதற்கு ஒரு முடிவுநாள் இருந்தது என்பதுதான். ஆபத்து நீங்கியதும், எவரும் கண்டுபிடித்துக் கேட்காமலே, தங்கள் பெயர் கெடும் என்று தெரிந்தும், தாங்களாகவே வந்து எழுதினார்கள். பெப்ரவரி அறிக்கை இல்லாவிட்டால் ஒக்டோபர் மேம்பாடு வெறும் தடயம் அழித்தலாகப் போயிருக்கும்.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் சிறியது. "நீ அறியாமச் சொன்னதுக்குக் குத்தமில்ல. ஆனா இப்ப அறிஞ்சிட்டாய். அவங்க ரெண்டு பேருக்கும் நீயே போய்ச் சொல்லு. மத்தவன் சொல்லி அவங்க கேக்கக் கூடாது." அவன் அன்றிரவே சொன்னான். ஒருவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மற்றவர் தன் பங்கை எடுத்துக்கொண்டார்; இவனோடு முன்போல் பேசுவதில்லை. அதுவும் அவருடைய உரிமைதான்.

*

அவனுக்கு உபதேசம் சொன்னவன் இத்தனை நாளும் செய்யாத ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன்னர், நான் ஆசிரியராக வேலைபார்த்த ஓர் ஊரில் ஸகாத் நிதியின் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. வாங்குபவர்களின் மானம் கெடக்கூடாது என்று பெயர்களை நான் எழுதிவைப்பதில்லை, எல்லாம் மனதில். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு 12,500 ரூபாய் குறைந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு மறதியால் இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். பட்டியலில் கடைசிக் குடும்பத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கணவனை இழந்த ஒரு பெண், மூன்று பிள்ளைகள். நிதி வந்துசேரத் தாமதம் என்று சொல்லியனுப்பினேன். மாதக் கடைசியில் என் சம்பளத்திலிருந்து முழுத் தொகையையும் கொடுத்தேன். கூட்டத்தில் கணக்குச் சரி என்று வாசித்தேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கணக்குச் சரிதான். அந்தப் பிள்ளைகளின் பெருநாள் சரியாகவில்லை. நான் இதை அடியானின் குறையை மூடுதல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூடியது என் குறையை. அதற்கு அந்தப் பெண்ணின் மானத்தைப் போர்வையாக எடுத்திருந்தேன். தீ அணைந்து எத்தனையோ வருடங்கள். நான் மட்டும் பெப்ரவரி அறிக்கையை எழுதவேயில்லை.

அந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை. மூத்த மகன் இருக்கிறான். போன மாதம் அவனைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பெருநாள் எனக்கு ஞாபகம் இருக்கு சேர்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்பை அவனிடமிருந்து அவசரமாகப் பிடுங்கிக்கொள்ள விரும்பவில்லை.

அந்த நிதியை இப்போது நடத்தும் இளைஞர்களுக்கும் எழுதியிருக்கிறேன். பெயருக்குப் பதிலாக இலக்கம் போடுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். கொடுத்ததை அவரவருக்கு முன்னால் எண்ணிக் காட்டுங்கள் என்று. புதிதாக ஒன்றும் நான் கண்டுபிடிக்கவில்லை. நானுஓயாக் கடையில் ஒரு பிஸ்கட் தகரத்தோடு கிடந்த கொப்பியின் பின்பக்கங்களில் அது முன்பே எழுதப்பட்டிருந்தது. எனக்கு அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தும் இத்தனை காலம் நான் வாசிக்கவில்லை.